எலி, கல்கோடாரி, செம்மறி, பெருவின் கப்பல்: ஈஸ்டர் தீவில் நடந்தது என்ன?

உலகச் சுற்றுச்சூழல் தினமான ஜூன் 5 நெருங்கினால் போதும், ஏதாவது ஒரு வாட்ஸ்ஆப் குழுவில் ஈஸ்டர் தீவு வந்துவிடும். பெரிய கற்சிலைகள், பின்னால் மொட்டையான புல்வெளி, கீழே நாலு வரி: சிலைகளை உருட்டிக்கொண்டு போக ஒரு இனம் தன் காட்டையே வெட்டியது, கடைசி மரத்தையும் வெட்டியது, அப்புறம் சோற்றுக்கு வழியில்லாமல் ஒருவரை ஒருவர் அடித்துத் தின்று அழிந்தது, நாமும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறோம். முடிவில் ஒரு கைகூப்பும் எமோஜி.

முழுப் பொய் என்றால் ஒரு வரியில் மறுத்துவிட்டுப் போய்விடலாம். இதில் பாதி உண்மை இருப்பதுதான் தொல்லை. காடு இருந்தது, போனது. மக்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், 1877-இல் எண்ணியபோது 111 பேர். இரண்டும் நடந்தவைதான். ஆனால் காடு அநேகமாகத் தீர்ந்ததற்கும் மக்கள் தீர்ந்ததற்கும் நடுவே இருநூறு வருடத்துக்கு மேல் கிடக்கிறது. அந்த இருநூறு வருடத்தைச் சுருட்டி எடுத்துவிட்டால் நல்ல நீதிக்கதை கிடைக்கும். எடுக்காமல் அப்படியே வைத்துப் பார்த்தால் இரண்டு தனித்தனி வழக்குகள், இரண்டுக்கும் வேறு வேறு குற்றவாளிகள். நான் இந்த இரண்டாவது கட்சி.

இடத்தைப் பற்றி முதலில் கொஞ்சம். தீவுக்காரர்கள் சொல்லும் பெயர் ராப்பா நூயி. சுமார் 163 சதுர கிலோமீட்டர், முக்கோண வடிவம், மூலைக்கு ஒன்றாக அணைந்துபோன மூன்று எரிமலைகள்: தெரவாக்கா, போய்க்கே, ரானோ கௌ. கிழக்கே சிலியின் கரைக்கு 3,500 கிலோமீட்டருக்கு மேல். மேற்கே ஆள் இருக்கும் அடுத்த தீவு பிட்கெய்ர்ன், அதுவும் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால். ஓடுகிற ஆறு ஒன்றுகூடக் கிடையாது. எரிமலைப் பாறை ஓட்டை விழுந்தது என்பதால் பெய்த மழை நேரே உள்ளே இறங்கிவிடும், கடலோரத்தில் போய்த்தான் ஊற்றாகக் கசியும். அந்த நீர் உப்புக் கலந்தது. தீவுக்காரர்கள் கடல்நீரைக் குடிக்கிறார்கள் என்று ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதியது இதைப் பார்த்துத்தான்.

ஐரோப்பியர் முதலில் வந்தது 1722 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. டச்சுக்காரர் யாக்கோப் ரோகவேன். தூரத்தில் கப்பலில் இருந்து பார்த்தபோது காய்ந்த புல்லை மணல் என்று நினைத்துவிட்டார்கள். இறங்கிப் பார்த்த பிறகு அவரே எழுதினார், மண் வளமானது, வாழை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, கரும்பு எல்லாம் விளைகிறது என்று. கூடவே இன்னொன்றையும் குறித்தார்: இவ்வளவு பெரிய சிலைகளை நிறுத்துவதற்கு வேண்டிய கனமான மரமோ வலுவான கயிறோ இவர்களிடம் இல்லையே, எப்படி நிறுத்தினார்கள்? (இறங்கிய அன்றே அவருடைய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு தீவுக்காரர்களைச் சுட்டுக் கொன்றதும் அதே குறிப்பேட்டில் இருக்கிறது. ஃபார்வர்டுகளில் அது வருவதில்லை.) ஆக 1722-இல் பெரிய மரம் இல்லை, ஆனால் சாப்பாடு இருந்தது. இந்த ஒரு சாட்சியை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்ற குழப்பங்கள் பாதி தெளிந்துவிடும்.

1786-இல் பிரெஞ்சுக்காரர் லா பெரூஸ் வந்தார். வெகு காலத்துக்கு முன்னால் இவர்களுடைய முன்னோர் யோசிக்காமல் மரங்களை வெட்டிவிட்டார்கள், அதனால்தான் தீவு வறண்டுபோனது என்ற விளக்கம் அவருடைய எழுத்திலேயே வந்துவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் சுற்றுச்சூழல் இயக்கம் கண்டுபிடித்த கதை இல்லை இது, இருநூறு வருடப் பழசு. அதே லா பெரூஸ், வருடத்துக்கு மூன்று நாள் வேலை செய்தாலே இவர்களுக்கு வருடச் சாப்பாடு கிடைத்துவிடும் என்றும் எழுதினார். பாதிரி, கப்பல் கேப்டன், வியாபாரி யார் எழுதியிருந்தாலும் அவரவருக்குப் பிடித்த வரியை மட்டும் பிடுங்கிக்கொள்ளும் வழக்கம் ஈஸ்டர் தீவு எழுத்தில் அளவுக்கு மீறி உண்டு.

காடு இருந்தது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைத்தது 1970களுக்குப் பிறகுதான். ஜான் ஃபிளென்லி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், சிலைகள் வெட்டி எடுத்த ரானோ ராராக்கு எரிமலைவாயில் இருக்கும் ஏரியின் சேற்றைக் குழாய் இறக்கி எடுத்து, அடுக்கடுக்காக மகரந்தம் பார்த்தார். கீழ் அடுக்குகளில் பனைக் குடும்ப மகரந்தம் ஏராளம், மேலே வரவர அது மறைந்து புல் மகரந்தம் மட்டும். அப்புறம் குகைகளில் கொட்டைகளே கிடைத்தன. சிலியில் இன்றும் இருக்கிற யூபேயா என்ற பெரிய பனையின் காய் மாதிரியே, கோலிக்குண்டைவிடச் சற்றே பெரிய தேங்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜான் டிரான்ஸ்ஃபீல்ட் என்ற தாவரவியலாளர் இதற்குத் தனிப் பேரினமாகவே பெயர் வைத்தார், பாஸ்காலோகோகோஸ். அழிந்த பிறகு பெயர் கிடைத்த மரம்.

அந்தக் கொட்டைகளில் பலவற்றில் ஒரு ஓட்டை இருந்தது. ஓட்டையின் விளிம்பில் சின்னச் சின்னப் பல் தடம்.

இங்கேதான் சண்டை ஆரம்பிக்கிறது.

2005-இல் அமெரிக்க எழுத்தாளர் ஜேரட் டயமண்டின் ‘கொலாப்ஸ்’ என்ற புத்தகம் வந்தது. தன் சூழலைத் தானே அழித்துக்கொண்ட சமூகத்துக்கு முதல்தர உதாரணமாக அவர் நிறுத்தியது ராப்பா நூயியை. கடைசிப் பனையை வெட்டியவன் வெட்டும்போது என்ன நினைத்திருப்பான் என்ற கேள்வி அவர் மூலமாகத்தான் ஊரெங்கும் பரவியது. தலைவர்களுக்குள் போட்டி, பெரிய சிலை, இன்னும் பெரிய சிலை, அதை இழுக்க மரம், கயிற்றுக்கு மரப்பட்டை, இழுக்கிற ஆளுக்குச் சோறு, சோற்றுக்கு இன்னும் காடு எரிப்பு. எல்லாம் போனபின் மண் அரிப்பு, பஞ்சம், போர், நரமாமிசம். சங்கிலி கச்சிதமாக இருக்கும். படிக்கும்போது மறுக்கவே தோன்றாது.

அதே சமயம் டெர்ரி ஹன்ட், கார்ல் லிப்போ என்ற இரண்டு தொல்லியலாளர்கள் தீவின் வடக்கே அனகேனா கடற்கரையில் தோண்டிக்கொண்டிருந்தார்கள். மணல் கரை, தீவில் முதலில் ஆள் இறங்கியிருக்கக்கூடிய இடம். வழக்கமான கதைக்கு இன்னும் கொஞ்சம் ஆதாரம் சேர்க்கலாம் என்றுதான் போனதாக ஹன்ட் எழுதியிருக்கிறார். மனிதத் தடம் தொடங்கும் கீழ் அடுக்கின் கரியைக் காலக்கணிப்புக்கு அனுப்பினால் வந்த விடை கி.பி. 1200 வாக்கில். அதுவரை 400 என்றும் 800 என்றும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இது வெறும் தேதித் திருத்தம் இல்லை. 800-இல் வந்தார்கள் என்றால், நாலு நூறு வருடம் காட்டோடு ஒத்து வாழ்ந்துவிட்டு அப்புறம் பேராசையில் கெட்டார்கள் என்று கதை சொல்லலாம். 1200 என்றால் அந்தப் பொற்காலமே கிடையாது. ஆள் கரையேறியதும் காடு குறையத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரே நேரம்.

ஆளோடு கூட எலியும் இறங்கியது. பசிபிக் எலி, பொலினேசியர்கள் போன தீவுக்கெல்லாம் அவர்கள் படகிலேயே போனது, தெரிந்தோ தெரியாமலோ. அனகேனாவின் குப்பை அடுக்கில் எலி எலும்பு குவிந்து கிடந்தது, சாப்பிட்டும் இருக்கிறார்கள். எதிரி இல்லாத தீவு, தரை முழுக்கக் கொட்டை, குட்டி போடுவதில் எலியைச் சொல்லவே வேண்டாம். சில வருடங்களுக்குள் எண்ணிக்கை முப்பது லட்சம் வரைக்கும் போயிருக்கலாம் என்று ஹன்ட் கணக்குப் போட்டார். எலி வளர்ந்த பனையைச் சாய்க்காது. கொட்டையைத் தின்றுவிட்டால் கன்று முளைக்காது, அவ்வளவுதான். இந்த வகைப் பனை காய்ப்புக்கு வரவே பல பத்தாண்டுகள் எடுக்கும். இருக்கிற கிழட்டு மரங்கள் ஒவ்வொன்றாக விழ விழ, இடத்தை நிரப்பப் பின்னால் யாரும் வரவில்லை. ஹவாயில் ஓவாஹு தீவின் எவா சமவெளியில் இதற்கு முன்னுதாரணம் உண்டு: ஆள் அங்கே குடியேறிய தடயம் வருவதற்கு முன்பே பனைக்காடு சரியத் தொடங்கியிருந்தது, எலி மட்டும் வந்து சேர்ந்திருந்தது.

பறவைகளையும் எலி விட்டுவைக்கவில்லை. டேவிட் ஸ்டெட்மன் அனகேனாவில் எடுத்த எலும்புகளைப் பார்த்தால் ஒரு காலத்தில் 25 வகைக்கு மேல் கடற்பறவைகள் இந்தத் தீவில் கூடு கட்டின, தரைப்பறவைகளும் இருந்தன. இப்போது சொந்தத் தரைப்பறவை ஒன்றுகூட இல்லை, கடற்பறவைகள் பெரும்பாலும் கரையை ஒட்டிய சிறு பாறைத்தீவுகளோடு சரி. பறவை போனால் அதன் எச்சம் போகும், எச்சம் போனால் மண்ணுக்கு உரம் போகும். காடு வறண்டதற்கு இதுவும் ஒரு கை கொடுத்திருக்கும் என்பது என் எண்ணம்.

சரி, எலிதான் காரணம், மனிதன் நிரபராதி என்று முடித்துவிடலாமா? இணையத்தில் இப்போது அப்படித்தான் முடிக்கிறார்கள், பழைய கதையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு. அதுவும் எனக்குச் செரிக்கவில்லை.

ஜெர்மனியின் கீல் பல்கலைக்கழகத்து ஆந்த்ரெயாஸ் மீத்தும் ஹான்ஸ்-ருடால்ஃப் போர்க்கும் கிழக்கு மூலையில் போய்க்கே தீபகற்பத்தில் மண்ணை வெட்டிப் பார்த்தவர்கள். அந்த மண்வெட்டில் என்ன இருந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அடியில் தோட்ட மண், அதில் பனை வேர்கள் போன தடம் மெல்லிய குழாய்களாக, அடர்த்தியாக. நடுநடுவே கிழங்கு நட்ட குழிகள், அதாவது மரங்களுக்கு ஊடாகவே பயிர் செய்திருக்கிறார்கள், நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும். அதற்கு மேலே கரி அடுக்கு, எரிந்த பனை அடிக்கட்டைகள் நின்ற இடத்திலேயே. அதற்கும் மேலே சரிவில் இருந்து மழையோடு அரித்து வந்து படிந்த மெல்லிய மண் படலங்கள். மரத்தை வெட்டி, கிடந்ததைக் கொளுத்தி, கொஞ்ச நாள் பயிர் வைத்து, மண் ஓடிப்போனதும் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எலி தீ வைக்காது. அவர்கள் பார்த்த கொட்டை ஓடுகளில் எலி கடித்தவை சிறுபான்மைதான் என்பதையும் சொன்னார்கள்.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு, அதையும் தள்ள முடியாது. பசிபிக்கில் எலி போகாத தீவு எது? நூற்றுக்கணக்கான தீவுகளில் எலியும் இருக்கிறது, காடும் இருக்கிறது. பனை மட்டுமா போனது, ஒர்லியாக் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் பழைய அடுப்புக் குழிகளின் கரியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து என்னென்ன விறகு என்று வகை பிரித்தார். ஏறக்குறைய 1650 வரை பலவகை மரம், செடி எல்லாம் எரிந்திருக்கிறது, அதன்பின் அடுப்பில் புல்லும் சிறு செடிகளும்தான். அத்தனை வகையும் எலி கொறித்தே போனது என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

மீத், போர்க் மதிப்பீட்டில் தீவில் 1 கோடியே 60 லட்சம் பனை இருந்திருக்கும். நான் கையில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1250-இல் இருந்து 1650 வரை என்றால் 400 வருடம், வருடத்துக்கு 40,000 மரம், நாளைக்குச் சுமார் 110. தீவில் அப்போது இருந்தது சில ஆயிரம் பேர், கையில் இருந்தது கல்லில் தீட்டிய கோடாரி. ஒவ்வொன்றாக நின்று வெட்டினார்கள் என்றால் வேறு வேலையே பார்த்திருக்க முடியாது. தீ வைத்தார்கள் என்றால் முடியும். தீயில் போன இடத்தில் திரும்ப முளைக்க வேண்டிய கொட்டையை எலி தின்றது என்றால் இன்னும் நன்றாகவே முடியும். இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் ஆதாரத்தைத் தூக்கிக்கொண்டு எதிரெதிரே நிற்கிறார்கள், என் கண்ணுக்கு இரண்டு ஆதாரமும் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாகத்தான் தெரிகிறது. எலி இல்லாமல் தீ மட்டும் இருந்திருந்தால் ஒரு பக்கம் எரிய இன்னொரு பக்கம் முளைத்திருக்கும். தீ இல்லாமல் எலி மட்டும் இருந்திருந்தால் சரிவு இன்னும் மெதுவாக நடந்திருக்கும்.

இதில் எங்கும் ‘கடைசி மரம்’ என்ற தருணம் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 400 வருடம் என்பது பதினைந்து பதினாறு தலைமுறை. ஒருவன் பிறக்கும்போது இருந்ததைவிடச் சாகும்போது மரம் கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் பார்வையில் பனை போன இடத்தில் கிழங்கு வந்தது, அது லாபம்.

வறட்சியும் ஒரு கட்சி, அதிகம் பேசப்படாத கட்சி. ஏரிச் சேற்றை ஆராய்ந்தவர்கள், குறிப்பாக ஸ்பெயினின் வாலென்தி ருல், 16, 17-ஆம் நூற்றாண்டு வாக்கில் தீவில் நீண்ட வறட்சி இருந்திருக்க வேண்டும் என்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் ரானோ ராராக்கு சேற்றிலேயே நடுவில் ஆயிரக்கணக்கான வருடப் பக்கங்கள் கிழிந்து போயிருக்கின்றன, ஏரி காய்ந்து படிவே விழாத காலம் அது. அதனால் முந்தைய தேதிகள் பல தடுமாறுகின்றன. ஆனால் டயமண்டே பாரி ரோலெட்டுடன் சேர்ந்து 2004-இல் 69 பசிபிக் தீவுகளை ஒப்பிட்டு எழுதிய கட்டுரையில், குளிர்ச்சி, குறைந்த மழை, பழைய எரிமலை மண், வெளியிலிருந்து தூசி உரம் வராத தூரம் என்று ராப்பா நூயிக்கு வாய்த்தது எல்லாமே மோசமான கைதான் என்று காட்டியிருந்தார். காடு திரும்ப வளரச் சிரமப்படும் தீவு அது, வேறு தீவில் இதையே செய்தவர்கள் தப்பித்திருக்கலாம். புத்தகத்தில் படித்தவர்களுக்கு நினைவில் நின்றது கோடாரிதான்.

இப்போது இரண்டாவது வழக்கு. காடு போனதால் மக்கள் செத்தார்களா?

செத்தார்கள் என்று சொல்ல முதலில் நிறையப் பேர் இருந்திருக்க வேண்டும். 15,000, 20,000 என்றெல்லாம் எண்கள் சுற்றுகின்றன; அப்படி இருந்தால்தான் ரோகவேன் காலத்தில் இருந்த இரண்டு மூன்றாயிரம் பேர் ஒரு வீழ்ச்சியாகத் தெரியும். மரம் போனபின் தீவுக்காரர்கள் என்ன செய்தார்கள் என்றால், நிலத்தில் கல்லைப் பரப்பினார்கள். எரிமலைக் கல்லை உடைத்து, கைக்கு அடங்குகிற துண்டுகளாக வயல் முழுக்கப் போட்டு, அதன் இடுக்கில் சர்க்கரைவள்ளியும் சேம்பும் நட்டார்கள். காற்று நேரே செடி மேல் அடிக்காது, ஈரம் சீக்கிரம் ஆவியாகாது, ராத்திரி குளிரும் பகல் சூடும் வேருக்குத் தெரியாது, உடைந்த புதுக் கல்லில் இருந்து தாதுச்சத்து மண்ணில் இறங்கும். வாழைக்கும் கரும்புக்கும் ஆள் உயரத்துக்குக் கிட்ட வட்டமாகக் கல்சுவர் எழுப்பி உள்ளே நட்டார்கள், மானாவாய் என்று பெயர். இன்றும் தீவெங்கும் அவை கிடக்கின்றன. பட்டினியில் புத்தி பேதலித்த ஜனங்கள் செய்கிற வேலையாக எனக்குத் தெரியவில்லை.

2024-இல் செயற்கைக்கோள் படங்களை வைத்து டிலன் டேவிஸ் குழு இந்தக் கல் தோட்டங்களை அளந்தது. முன்பு பல சதுர கிலோமீட்டர் என்று சொல்லிவந்தது 0.76 சதுர கிலோமீட்டராகச் சுருங்கியது. அந்த விளைச்சலும் கடல் உணவும் சேர்ந்து தாங்கக்கூடியது 3,000 சொச்சம் பேரை. கல் பரப்பாத இடத்திலும் ஏதாவது விளைந்திருக்கும், எண்ணைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம், ஆனால் 20,000-க்கு நீட்ட முடியாது. அதே வருடம் செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் இன்னொரு ஆய்வு. பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருந்த 15 ராப்பா நூயி மூதாதையரின் எலும்பில் இருந்து மரபணுவைப் படித்தார்கள். 1600களில் மக்கள்தொகை மடமடவென்று சரிந்திருந்தால் அது மரபணு வேறுபாட்டில் தழும்பாக நிற்கும். நிற்கவில்லை. சிறிய கூட்டம்தான், ஆனால் 1860கள் வரை மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே வந்த கூட்டம். (கூடவே பொலினேசியர்களுக்கும் தென்னமெரிக்கப் பழங்குடியினருக்கும் 1250-இல் இருந்து 1430-க்குள் கலப்பு நடந்ததற்கும் ஆதாரம் கிடைத்தது. சர்க்கரைவள்ளி எப்படி வந்தது என்று பல காலமாக அடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு நல்ல தீனி.)

போர் நடக்கவே இல்லை என்று சொல்ல வரவில்லை. சிலைகள் கவிழ்க்கப்பட்டன, 1722-இல் நின்றவை 1774-இல் ஆங்கிலேயக் கேப்டன் குக் வந்தபோது சில விழுந்திருந்தன, 1860களின் முடிவில் மேடைமேல் நின்ற சிலை ஒன்றுகூட இல்லை. குலங்களுக்குள் சண்டை நடந்ததைத் தீவின் வாய்மொழி மரபே சொல்கிறது. ஆனால் தேதியைப் பாருங்கள், கவிழ்ப்பு பெரும்பாலும் ஐரோப்பியக் கப்பல்கள் வந்து போகத் தொடங்கிய பிறகு. போர் ஈட்டி என்று சொல்லிவந்த ‘மாத்தா’ என்ற எரிமலைக்கண்ணாடிக் கருவிகள் நானூறுக்கு மேல் எடுத்து லிப்போ குழு 2016-இல் வடிவம் அளந்தது. குத்துவதற்கு ஏற்ற மாதிரி எதுவும் ஒழுங்காக இல்லை, செடி அறுக்கவும் சீவவும் ஏற்ற பலவகை விளிம்புகள். சிலை உருட்டப் பனைத் தடி வேண்டும் என்பதும் ஆடிப்போய்விட்டது. மூன்று கயிறு, 18 பேர், நாலரை டன்னுக்குச் சற்றே குறைந்த கான்கிரீட் மாதிரிச் சிலை, இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டி நிற்க வைத்தே நடத்திக் காட்டினார்கள். பனை உள்ளே நார்ச்சோறுதான், அதை உருளையாகப் போட்டு அதன்மேல் பத்துப் பன்னிரண்டு டன் கல்லை ஏற்றினால் என்ன ஆகும் என்று நம் ஊர் ஆளிடம் கேட்டாலே சொல்லிவிடுவார்.

1862 டிசம்பர். பெருவில் இருந்து கப்பல்கள். பண்ணைகளுக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் வேண்டும், பசிபிக் தீவுகளில் பிடித்துக்கொண்டு போனார்கள். ராப்பா நூயியில் மட்டும் சில மாதங்களில் 1,400-க்கு மேல் ஆட்கள், தீவு மக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு என்றும் இன்னும் கூடுதல் என்றும் சொல்கிறார்கள். அரச குலத்தவரும் அதில் போனார்கள். பெரும்பாலோர் அங்கே போய் நோயிலும் வேலையிலும் செத்தார்கள். தாஹித்தியின் பிரெஞ்சு நிர்வாகமும் பிஷப் ஜோசனும் போட்ட சத்தத்தில் பெரு அரசு மிச்சம் இருந்தவர்களைத் திருப்பி அனுப்பியது. நூறு பேர் போலக் கப்பல் ஏறினார்கள், உயிரோடு தீவில் இறங்கியது 15 பேர். அவர்களோடு பெரியம்மையும் இறங்கியது. அடுத்து வந்த பாதிரிகளின் காலத்தில் காசநோய்.

யூஜின் ஐரோ என்ற மதப் பணியாளர் 1864-இல் வந்தபோது வீட்டுக்கு வீடு எழுத்துப் பொறித்த மரப்பலகைகள் இருந்ததாக எழுதினார். ரோங்கோரோங்கோ. சில வருடம் கழித்து ஜோசன் தேடச் சொன்னபோது ஒருசிலதான் கிடைத்தன, படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. இன்று உலகம் முழுக்கத் தேடினாலும் இரண்டு டஜன் சொச்சம். இதில் நமக்கு ஒரு சின்ன உறவு உண்டு: மரத்தை ஆராய்ந்த ஒர்லியாக், பலகைகளில் பல பூவரசு மரத்தில் செய்தவை என்று கண்டார். தீவில் அதற்கு மாகோய் என்று பெயர். இன்னொரு உறவையும் இணையத்தில் சொல்வார்கள், 1932-இல் ஹெவெசி என்ற ஹங்கேரியர் சிந்துவெளி எழுத்துக்கும் ரோங்கோரோங்கோவுக்கும் ஜோடி போட்டதை வைத்துக்கொண்டு குமரிக்கண்டம் வரைக்கும். நாலாயிரம் வருட இடைவெளியையும் பாதி உலகத் தூரத்தையும் அது எப்படித் தாண்டுகிறது என்று கேட்டால் அடிக்க வருவார்கள், விட்டுவிடலாம்.

அப்புறம் வந்தது செம்மறி. துத்ரூ-போர்னியே என்ற பிரெஞ்சுக்காரர் 1860களின் இறுதியில் தீவுக்கு வந்து, தாஹித்தியில் இருந்த பிராண்டர் என்ற வியாபாரியுடன் கூட்டாக நிலத்தை வளைத்து ஆட்டுப் பண்ணை போட்டார். குடிசைகளை எரித்து, வள்ளித் தோட்டங்களைப் பிடுங்கி, இருக்கிற ஆட்களையும் கப்பலேற்றி வெளியே அனுப்பினார். 1871-இல் பாதிரிகளோடு நூற்றுக்கணக்கில் மங்கரேவாவுக்கும் தாஹித்திக்கும் போய்விட்டார்கள். 1876-இல் அவரைத் தீவுக்காரர்களே கொன்றார்கள். அடுத்த வருடம்தான் அந்த 111.

1888-இல் சிலி தீவை இணைத்துக்கொண்டது. 1903 முதல் 1953 வரை வில்லியம்சன்-பால்ஃபர் நிறுவனத்தின் கையில் குத்தகை. உச்சத்தில் 70,000 ஆடுகள், 163 சதுர கிலோமீட்டருக்குள். மனிதர்களை ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் வைத்துச் சுற்றிச் சுவர் கட்டிவிட்டார்கள், மற்ற தீவு முழுக்க ஆட்டுக்கு. சுவர் கட்டக் கல் எங்கிருந்து? சிலை நின்ற மேடைகளிலிருந்தும் பழைய தோட்டச் சுவர்களிலிருந்தும் பெயர்த்தார்கள். தீவுக்காரர்களுக்குச் சிலியின் முழுக் குடியுரிமை கிடைத்தது 1966-இல். ஃபார்வர்டு படத்தில் சிலைகளுக்குப் பின்னால் தெரிகிற அந்த மொட்டைப் புல்வெளியைப் பார்த்து, ‘இதோ பாருங்கள் அவர்கள் செய்த அழிவு’ என்கிறோமே, அதில் எத்தனை பங்கு ஆட்டின் வாய் செய்தது? போய்க்கேயில் பழைய தீயைக் கண்டுபிடித்த அதே மீத்தும் போர்க்கும்தான், சரிவுகளைச் சிவப்புப் பள்ளங்களாகக் கிழித்த பெரிய அரிப்பு 20-ஆம் நூற்றாண்டு ஆட்டுப் பண்ணையின் வேலை என்றும் சொன்னார்கள். முதல் பாதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

கடைசி மரம் என்று ஒன்று வேண்டுமானால், தேதியோடு சொல்லக்கூடிய ஒன்று இருக்கிறது. தொரொமீரோ என்ற சிறு மரம், உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இல்லாதது, அதில்தான் விலா எலும்பு துருத்திய மரச்சிற்பங்களைச் செதுக்குவார்கள். ஆடு எட்டாத ரானோ கௌ எரிமலைவாயின் உள்சரிவில் ஒரே ஒரு மரம் தப்பி நின்றது. 1960 வாக்கில் அதுவும் போயிற்று. அதற்கு முன் நார்வே ஆய்வுப் பயணி தோர் ஹையர்டாலின் குழு எடுத்துப்போன விதைகள் ஸ்வீடனின் யோத்தபோரி தாவரத் தோட்டத்தில் முளைத்ததால் இனம் தப்பியது. திரும்பத் தீவில் நட்டுப் பார்க்கிறார்கள், பிடிக்க மாட்டேன் என்கிறது.

இப்போது தீவில் ஏழாயிரத்துக்கு மேல் மக்கள், அதில் ஏறக்குறையப் பாதி ராப்பா நூயி வம்சம். தேசியப் பூங்காவை நிர்வகிப்பது அவர்களுடைய மாவு ஹேனுவா அமைப்பு. 2022 அக்டோபரில் புல் தீப்பிடித்து ரானோ ராராக்கு சரிவில் இருந்த சிலைகள் பல கருகியபோது அணைக்கத் திண்டாடியதும் அவர்கள்தான், அடுத்த வருடம் காய்ந்துபோன அதே ஏரிப் படுகையில் யாரும் அறியாத ஒரு சிலையைக் கண்டதும் அங்கேதான். 2018-இல் ஒரு குழு லண்டன் போய், 1868-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல் எடுத்துக்கொண்டு போன ஹோவா ஹகனனாயா என்ற சிலையைத் திருப்பிக் கேட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகம் இன்னும் கொடுக்கவில்லை. பாரிஸில் இருக்கும் அந்த 15 பேரின் எலும்புகளையும் ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று பேச்சு நடக்கிறது.